உருவும் பெயரும்: ஒளிப்படமும் நம் நினைவும்

வரலாற்றுக்குரிய சான்றுகளை வகுத்துக் கூறும் ஆசிரியர்கள் கல்வெட்டு, செப்பேடு, நாணயம், இலக்கியம், பிறநாட்டார் குறிப்பு என்று எண்ணிச் செல்வது வழக்கம். இவ்வரிசையின் இறுதியிலேனும் ஒளிப்படத்துக்கு இடங் கொடுப்போர் நம்மிடையே மிகச் சிலரே. நூலின் நடுவே வாசிப்போர் கண்ணுக்குச் சற்று இளைப்பாறுதல் தரும் அலங்காரமாகவே அதனைக் கருதிவிடுகின்றோம். ஆனால் நம் இல்லங்களிலே நிலைமை வேறு. கடந்த அரை நூற்றாண்டிலே இந்நாட்டில் ஊர்விட்டு ஊர் இடம்பெயர நேர்ந்த குடும்பங்கள் காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், நகை ஆகியவற்றோடு கலியாணப் படத் தொகுப்பையும் மூட்டையிலே கட்டிச் சென்றன. நெல்லையும் பசுவையும் விட்டுச் சென்றவர்கள் படத்தை விட்டுச் செல்ல மனங்கொள்ளவில்லை. அறிஞர் அலங்காரமென ஒதுக்கியதைச் சாதாரண மக்கள் ஆவணமெனக் காத்தனர்.

இவ்விரு பார்வைகளுள் மக்களின் பார்வையே வரலாற்று மாணவனுக்கு நல்வழி காட்டும் என்பது எமது துணிபு. ஆயின் ஒன்று கருதற்பாலது. ஒளிப்படம் உருவத்தைக் காக்கும் ஆற்றலுடையது. பெயரைக் காக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. பெயரை அதனோடு சேர்த்து வைப்பது மனிதர் கையிலே உளது. உருவும் பெயரும் பிரிந்த இடங்களில் நேர்ந்தது யாது, அவை சேர்ந்து நின்ற இடங்களில் விளைந்தது யாது என்பதனைச் சில நிகழ்ச்சிகள் வாயிலாக ஈண்டு நோக்குவோம்.

கமராவினால் எடுக்கப்பட்டு இன்றுவரை எஞ்சியுள்ள படங்களுள் மிகப் பழையது, பிரான்சு நாட்டிலே நிசேபோர் நியெப்சு என்பார் 1826 அல்லது 1827 ஆம் ஆண்டில் எடுத்ததாகும். ஒருவகை நிலக்கீல் பூசிய உலோகத் தகட்டைப் பெட்டியினுள் வைத்துத் தம் வீட்டுச் சாளரத்தினூடே தெரிந்த கூரைகளையும் சுவர்களையும் அவர் பதிவு செய்தார். பதிவு முற்றுப்பெறுவதற்குள் கதிரவன் கிழக்கிலிருந்து மேற்குக்குச் சென்றுவிட்டமையால் எதிரெதிரான இருபுறச் சுவர்களும் அப்படத்தில் ஒருங்கே வெயில்பட்டுத் தோன்றுகின்றன. 1827 இல் இங்கிலாந்துக்குச் சென்ற நியெப்சு, இலண்டனை அடுத்த கியூ என்னும் ஊரிலே வாழ்ந்த தாவர ஓவியர் பிரான்சிசு பௌவரிடம் அத்தகட்டைக் கொடுத்து வந்தார். பலர் கைமாறிப் பின்னர் மறைந்து கிடந்த அதனை 1952 ஆம் ஆண்டிலே கேர்ண்சைம் என்னும் ஒளிப்பட வரலாற்றாசிரியர் ஒரு பழம் பெட்டியினுள்ளிருந்து மீட்டார். முன்னே நின்று நோக்கினால் மங்கிய கண்ணாடி போன்றே அது தோன்றும். ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்தாலன்றி உருவம் புலப்படாது. ஆனால் அதன் பின்புறத்தே பௌவர் தம் கைப்பட எழுதிவைத்த குறிப்பு அழியாதிருந்தது. இது இன்னாருடைய முயற்சி என்பதை முகம் கூறவில்லை, முதுகே கூறிற்று.

மனித உருவம் பதிந்த முதற் படத்துக்கு இத்தகைய பேறு வாய்க்கவில்லை. நியெப்சின் கூட்டாளியாக விளங்கிய டாகேர் 1838 ஆம் ஆண்டிலே பாரிசு நகரத்து வீதி ஒன்றைப் படம் பிடித்தார். வெள்ளி பூசிய தகட்டிலே ஒளி பதிவதற்கு அப்பொழுது பல நிமிடங்கள் வேண்டியிருந்தன. வீதியிலே விரைந்த வண்டிகளும் மாந்தரும் தகட்டிலே ஒரு சுவடுதானும் இன்றி மறைந்து போயினர். வீதியோரத்திலே ஒருவன் மட்டும் தன் சப்பாத்தைத் துலக்குவித்தற்காகக் காலை உயர்த்தி அசையாது நின்றான். அவன் உருவம் பதிந்தது. பாதணி துலக்கியவனின் நிழலும் அருகே அரைகுறையாகத் தெரிகின்றது. இவ்விருவரும் யாவர் என்பதை எவரும் எழுதிவைக்கவில்லை. உலகிலே முதன்முதலாகப் படத்தில் விழுந்த மனிதன் பெயரற்றவனாகவே நிற்கின்றான். 1839 ஆம் ஆண்டு ஓகஸ்டு மாதம் 19 ஆந் திகதி டாகேரின் முறை பாரிசிலே பகிரங்கமாக வெளியிடப்பட்டது. பிரெஞ்சு அரசு அவருக்கும் நியெப்சின் மைந்தருக்கும் ஆயுட்கால உதவிப்பணம் வழங்கி அம்முறையை வாங்கி உலகுக்கு அளித்தது.

எழுத்து உண்மையையே கூறும் என்று நம்பிவிடுதலும் கூடாது. அதே காலத்திலே பயார் என்னும் பிரெஞ்சுக்காரர் வேறொரு முறையைத் தாமாகவே கண்டிருந்தார். அரசு டாகேரைப் போற்றித் தம்மைப் புறக்கணித்தமையால் மனம் நொந்த அவர் 1840 இலே கண்களை மூடிச் சாய்ந்த நிலையில் தம்மைத் தாமே படம் பிடித்தார். அதன் பின்புறத்திலே, இது பயாரின் பிணம், அரசின் பாராமுகத்தால் அவர் நீரில் மூழ்கி மாண்டார் என்ற கருத்துப்பட எழுதிவைத்தார். மாண்டவர் 1887 வரை நலமே வாழ்ந்தார்! ஒளிப்பட முறை பகிரங்கமாக வெளியிடப்பட்டு ஈராண்டு கழிவதற்குள் அதனைக்கொண்டு பொய்யும் புனையப்பட்டமை வரலாற்று மாணவர் மறக்கத் தகாதது. முன்புறத்தை நோக்கினால் அவர் உறங்குகின்றார் என்றே எண்ணத் தோன்றும். பொய்யை உரைத்தது எழுத்தே. ஆகவே கல்வெட்டை ஆராய்வது போன்றே படத்தையும் அதன் குறிப்பையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு நோக்குதல் கடனாகும்.

ஒளிப்படம் அரண்மனையை விட்டுக் குடிசையை அடைந்த வரலாறு நீண்டது. அதனைச் சுருக்கியே கூறுவோம். ஓவியனுக்குப் பொருள் கொடுத்துத் தம் உருவை எழுதுவித்தல் முன்னர் அரசர்க்கும் செல்வர்க்குமே இயன்றது. 1851 இல் ஆர்ச்சர் என்னும் ஆங்கிலேயர் கண்ணாடித் தகட்டு முறையைக் கண்டு, காப்புரிமை கொள்ளாது யாவர்க்கும் பொதுவாக்கினார். அவர் வறுமையிலே மாண்டார். 1854 இல் டிஸ்டேரி என்பார் ஒரே தகட்டில் எட்டுப் படங்கள் எடுக்கும் வழி கண்டு விலையைக் குறைத்தார். உள்ளங்கையில் அடங்கும் அச்சிறு படங்களைச் செருகி வைப்பதற்கென எழுந்ததே குடும்பப் படத் தொகுப்பு. 1888 இலே அமெரிக்கராகிய ஜோர்ஜ் ஈஸ்ட்மன் நூறு படங்களுக்குரிய சுருள் இட்ட கொடாக் கமராவை 25 டொலருக்கு விற்றார். படம் எடுத்து முடிந்ததும் பெட்டியையே தொழிற்சாலைக்கு அனுப்பிவிடலாம். 1900 இல் வந்த பிரௌனி கமராவின் விலை ஒரு டொலர். அதன்பின்பே தவழும் குழந்தையும் முற்றத்து நாயும் கடற்கரை உலாவும் படத்துக்குரிய பொருள்களாயின.

படத்திலே அமர்தல் ஓர் உரிமை என்பதை நன்குணர்ந்தவர் பிரெடரிக் டக்ளஸ். அடிமையாய்ப் பிறந்து 1838 இலே தப்பியோடி, அடிமை ஒழிப்புக்காகப் பேசியும் எழுதியும் புகழ் பெற்ற இவரே பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கருள் மிகுதியாகப் படம் பிடிக்கப்பட்டவர். ஏறத்தாழ 160 படங்கள் கண்டறியப்பட்டுள்ளன. கறுப்பினத்தாரை இளித்த வாயினராக எழுதிய கேலிச் சித்திரங்கள் மலிந்திருந்த காலத்திலே, அவர் நேர்கொண்ட பார்வையும் இறுகிய வாயுமாகக் கமராவின் முன் அமர்ந்தார். விற்பனைப் பட்டியலிலே பண்டமாக எழுதப்பட்ட இனத்தான் ஒருவன், தன் உருவையும் பெயரையும் தானே தேர்ந்து உலகுக்கு அளித்தமை சிறிய செயலன்று.

இனி நம் பக்கம் வருவோம். தமிழகத்திலே ஒளிப்படம் முதன்முதற் பெரும்பணி செய்தது திருக்கோயில்களிலேயாகும். சென்னை அரசின் ஒளிப்படக்காரராக நியமிக்கப்பெற்ற கப்டன் லின்னேயஸ் டிரைப் என்னும் படையதிகாரி 1857 ஆம் ஆண்டின் இறுதியிலும் 1858 இலும் சீரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் ஆகிய இடங்களுக்கு மாட்டு வண்டிகளிலே கருவிகளை ஏற்றிச் சென்று படம் பிடித்தார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டை அவர் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளமான ஒரே சுருளாக்கினார். கட்டடத்தை வளைந்து செல்லும் எழுத்து வரிசையைத் தாள் மீது நேராக விரித்துக் காட்டிய அம்முயற்சி இன்றும் வியப்புத் தருவது. ஆனால் 1859 இல் ஆளுநராய் வந்த சாள்ஸ் திரெவெலியன் இப்பணியை அரசின் நிதிநிலைக்கு ஒவ்வாத ஆடம்பரமென்று கருதி நிறுத்திவிட்டார். கணக்குப் பார்த்தவருக்கு அது நியாயமாகவே தோன்றியிருக்கும். படத்தின் பயன் அதனை எடுத்த ஆண்டின் வரவு செலவிலே தெரிவதில்லை.

அத்தஞ்சைக் கோயிலிலே இராசராச சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, பல ஊர்த் தளிகளிலிருந்து அழைத்துவரப்பட்டுக் குடியமர்த்தப்பட்ட தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவரை ஒவ்வொருவராகப் பெயர் சுட்டிக் கூறுகின்றது. இன்ன வரிசையில் இன்ன வீடு, இன்ன ஊரிலிருந்து வந்தவள், இன்ன பெயரினள் என்று குறிக்கும் அதன் நுணுக்கம் இக்காலப் பதிவேடுகளையும் நாணச் செய்யும். ஆயிரம் ஆண்டு கழிந்தும் அவர்தம் பெயர்களை நாம் வாசிக்கின்றோம். முகங்களையோ கற்பனை செய்யவும் வழியில்லை.

இதற்கு நேர்மாறான காட்சியை இலங்கையிலே காண்கின்றோம். கோல்புறூக், கமறன் ஆணைக்குழுவின் பெயரை நம் மாணவர் அனைவரும் அறிவர். 1833 ஆம் ஆண்டுச் சீர்திருத்தங்களுக்கு வழிகோலிய அக்குழுவைச் சேர்ந்த சாள்ஸ் ஹே கமறனின் மனைவியே யூலியா மாகிறெற் கமறன். மகள் பரிசளித்த கமராவைக்கொண்டு 48 ஆவது வயதிலே படம் பிடிக்கத் தொடங்கிய இவ்வம்மையார் இங்கிலாந்திலே தெனிசன், டார்வின், ஹேர்ஷெல் முதலிய பெரியார்களைப் படமெடுத்துப் புகழ் பெற்றார். 1875 இல் கணவரோடு இலங்கைக்கு வந்து களுத்துறையிலும் மலைநாட்டுத் தோட்டங்களிலும் வாழ்ந்து, 1879 இல் மறைந்து பொகவந்தலாவையிலே அடக்கஞ் செய்யப்பட்டார். இங்கு அவர் எடுத்த படங்களுள் சிலவே எஞ்சியுள்ளன. அவற்றிலே காணப்படும் உழைப்பாளர் முகங்கள் டார்வினின் முகத்துக்குச் சற்றும் குறையாத கம்பீரமுடையன. எடுத்தவரின் கை அவர்களை இழிவுபடுத்தவில்லை. ஆயினும் டார்வின் டார்வினாகவே நிற்க, இவர்களோ களுத்துறைக் குடியானவர் என்ற பொதுப் பெயருக்குள் அடங்கிவிட்டனர். தஞ்சைப் பெண்டுகளுக்குப் பெயர் உண்டு, முகம் இல்லை. களுத்துறைப் பெண்ணுக்கு முகம் உண்டு, பெயர் இல்லை.

கமறன் அம்மையார் கலைஞர். விற்பனைக்காகப் படம் பிடித்தோர் அவ்வளவு மென்மையாக நடந்துகொள்ளவில்லை. ஸ்கீன், ஸ்கோவென், பிளாற்றே முதலிய கொழும்பு நிறுவனங்கள் பிரயாணிகளுக்கென ஆயிரக்கணக்கில் படங்களும் அஞ்சலட்டைகளும் விற்றன. தேயிலை கொய்யும் தமிழ்ப் பெண், கூலிக் கூட்டம், சுதேச வகையினர் என்றவாறே அவற்றின் தலைப்புக்கள் அமைந்தன. பறவையினங்களை வகைப்படுத்துவது போல மனிதரை வகைப்படுத்திய அந்நோக்கு அக்காலத்துக்கு இயல்பாயிருக்கலாம். அதன் பின்விளைவை எண்ணும்போதே மனம் கசக்கின்றது. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், தந்தையோ தந்தைவழி முன்னோரோ இந்நாட்டிலே பிறந்தமையைக் காட்டுமாறு கேட்டபோது, பிறப்புப் பதிவில்லாத மலையகத் தமிழர் இலட்சக்கணக்கில் நாடற்றோராயினர். அவர்தம் பாட்டன் பாட்டியர் இத்தீவில் நின்று உழைத்த காட்சி அஞ்சலட்டைகளாக உலகெங்கும் ஏற்கெனவே சென்றிருந்தது. இலண்டனிலும் பேர்லினிலும் அம்முகங்கள் தொகுப்புக்களிலே இருந்தன. ஆனால் இன்னார் இன்னாருடைய பேரன் என்று கூறுதற்குரிய ஒரு சொல் அவற்றின் பின்னே இல்லை. அஞ்சலட்டையைச் சான்றாகக் கொள்ளும் சட்டமும் இருந்ததில்லை என்பது உண்மையே. எனினும் நாட்டுக்கு விளம்பரமாக நின்ற முகம் நாட்டுக்கு அந்நியமாயிற்று என்பதை மறைத்தற்கில்லை.

உருவும் இடப்பெயரும் நாளும் ஒருங்கே சேர்ந்து நின்றால் அதன் வலிமை எத்தகையது என்பதற்கு அண்மைக்கால நிகழ்ச்சி ஒன்று சான்று பகரும். 1955 இல் நிறுவப்பட்ட புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், தென்னாட்டுக் கோயில்களையும் திருமேனிகளையும் ஊர் ஊராகச் சென்று படம் பிடித்து, ஒவ்வொன்றின் ஊரையும் கோயிலையும் குறித்து வைத்தது. பல பத்தாண்டுகளாக இப்பணி நடந்தது. படங்கள் இலட்சத்தைக் கடந்தன. ஆராய்ச்சியாளர் சிலரன்றிப் பிறர் அவற்றை நாடவில்லை. அரியலூர்ப் பகுதியிலுள்ள சிறீபுரந்தான் என்னும் சிற்றூரிலே வழிபாடு குன்றிப் பூட்டிக்கிடந்த சோழர் காலச் சிவன் கோயிலிலிருந்து நடராசர் திருமேனி 2006 ஆம் ஆண்டளவிலே களவு போயிற்று. ஊரார் களவை உடனே அறிந்தாரல்லர். 2008 இல் அவுஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் அத்திருமேனியைச் சுமார் ஐம்பது இலட்சம் அமெரிக்க டொலர் கொடுத்து, நியூயோர்க் வணிகர் ஒருவரிடம் வாங்கியது. பல ஆண்டுகளுக்கு முன்பே அஃது இந்தியாவைவிட்டு நீங்கிவிட்டதென்று போலிப் பத்திரங்கள் கூறின. அப்பொழுது புதுச்சேரிப் பேழையிலிருந்து ஒரு படம் வெளிவந்தது. 1994 ஆம் ஆண்டிலே அதே நடராசர் அதே கோயிலிலே நிற்கும் படம்! வார்ப்பின் குறைகளும் தேய்வுகளும் ஒன்றோடொன்று பொருந்தின. 2014 செப்டெம்பரிலே அவுஸ்திரேலியப் பிரதமர் அத்திருமேனியை இந்தியப் பிரதமரிடம் ஒப்படைத்தார்.

1994 இலே அப்படத்தை எடுத்தவருக்கு அது அன்றாடக் கடமைகளுள் ஒன்று. களவு நேருமென்று அறிந்து அவர் எடுத்தாரல்லர். படத்தோடு ஊர்ப்பெயரும் ஆண்டும் எழுதப்படாது விடப்பட்டிருப்பின், ஏதோ ஓர் ஆலயத்து ஏதோ ஒரு கூத்தப்பிரான் என்ற அளவிலேயே அது நின்றிருக்கும். டிரைப்பின் பணியை ஆடம்பரமென நிறுத்தியவர் இதனைக் கண்டிருப்பின் என்ன கூறியிருப்பாரோ!

இறந்தோரின் பெயரை உருவத்தோடு சேர்த்து வைக்க வேண்டுமென்ற எண்ணம் தமிழர்க்குப் புதியதன்று. போரிலே மாண்ட வீரனுக்கு நடுகல் நாட்டுங்கால் அவன் பெயரையும் புகழையும் கல்லிலே பொறித்த செய்தியைச் சங்கச் செய்யுள்கள் கூறும்; கல்லைத் தெரிந்து, நீராட்டி, நட்டு, வாழ்த்தும் முறையைத் தொல்காப்பியம் வரிசைப்படுத்தும். யாழ்ப்பாணத்திலே இம்மரபு வியத்தகு முறையிலே அச்சுவடிவு கொண்டுள்ளது. ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாளில் வரும் அந்தியேட்டிக் கிரியையின்போது உறவினருக்கு வழங்கப்படும் நினைவு மலரை நம்மவர் இன்றும் ‘கல்வெட்டு’ என்றே வழங்குகின்றனர். கல்லின்றி வெட்டின்றித் தாளிலே அச்சிடப்படும் சிறு நூலுக்கு இப்பெயர் நிலைத்தமையை யாம் தற்செயல் என்று கொள்ளோம். முதற் பக்கத்திலே இறந்தவரின் படம், அதன் கீழே பிறந்த திகதியும் மறைந்த திகதியும், திதியைக் கூறும் வெண்பா, வாழ்க்கை வரலாறு, பேரன் பீட்டன் வரையிற் செல்லும் வம்சவழி, தேவார திருவாசகங்கள், ஈற்றிலே நன்றியுரை. பண்டிதர் ஒருவரால் இயற்றப்பட்டுக் கிராமத்து அச்சகமொன்றிலே ஐந்நூறு பிரதி அடிக்கப்படும் இந்நூலைப் பலர் வாசித்தபின் அலுமாரியின் மேலே போட்டுவிடுவர். ஆனால் ஒரு கிராமத்தின் கல்வெட்டுக்கள் ஐம்பதை ஒருங்கே வைத்து நோக்கினால் அக்கிராமத்தின் குடிவழிகள், கலியாணத் தொடர்புகள், மலாயாவுக்கும் கொழும்புக்கும் உத்தியோகத்தின்பொருட்டுச் சென்ற தலைமுறை, பின்னர்க் கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் சென்ற தலைமுறை ஆகிய யாவும் புலனாகும். உருவும் பெயரும் உறவும் ஒருங்கே நிற்கும் இத்தகைய ஆவணம் பிற சமூகங்களிலே அரிது. 2005 இல் தோன்றிய நூலகம் என்னும் இணைய நூல்நிலையம் இம்மலர்களையும் திரட்டி வைத்திருப்பது போற்றத்தக்கது.

படம் பிடித்தால் ஆயுள் குறையும் என்று அஞ்சிய மூதாட்டியர் நம் ஊர்களிலே இருந்தனர். அவ்வச்சத்தால் வாழ்நாள் முழுதும் படமே எடுக்காதிருந்து, இறந்தபின் பிரேதத்தைச் சூழ மக்களும் மருமக்களும் நின்று எடுத்த படத்திலே மட்டும் முகங்காட்டியவர் பலர். மரண வீட்டுப் படத்தை வெளிநாட்டார் விகாரமென்று கருதக்கூடும். ஆனால் கடல்கடந்து வாழ்ந்து வரமுடியாது போன மகனுக்கு அத்தாயின் முகத்தைக் காட்டியது அப்படமேயாகும். அப்படத்திலே யார் யார் எங்கே நின்றனர், யார் வரவில்லை என்பனவும் குடும்ப வரலாற்றின் ஒரு பகுதியாயின. சில வீடுகளிலே பெரும் பிணக்குகளுக்கும் அவை காரணமாயின.

கல்லூரி மலர்களிலே வரும் குழுப்படங்களை எண்ணுக. கிரிக்கெற் குழு, விடுதி மாணவர் சங்கம், இந்து இளைஞர் கழகம் என்பவற்றின் படங்களுக்குக் கீழே, ‘இருப்பவர்கள்: இடமிருந்து வலம்’, ‘நிற்பவர்கள்: முதலாம் வரிசை’ என்று சிறிய எழுத்திலே ஒரு பெயர்ப் பட்டியல் இருக்கும். படத்தை நோக்குவோர் தம் பெயரையன்றி வேறெதனையும் அதில் தேடுவதில்லை. மலர் ஆசிரியர்க்கோ அது பெருந்தொல்லை. பெயர் பிழைத்தால் வசைமொழி கேட்க வேண்டிவரும். எனினும் வணிக நிறுவனங்கள் ஆயிரக்கணக்கிலே எடுத்துப் பரப்பிய அஞ்சலட்டைகள் செய்யத் தவறியதை இந்தப் பட்டியல் செய்து முடிக்கின்றது.

அழிவு வந்தபோதே படத்தின் அருமையையும் அதன் எல்லையையும் நாம் கண்டோம். 1981 ஜூன் மாதத் தொடக்கத்திலே எரியூட்டப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்திலே ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் சாம்பராயின. கட்டடத்தின் எழிலைக் காட்டும் படங்கள் உள. அவற்றை நோக்கியே பழைய தோற்றத்தை நாம் நினைவு கூருகின்றோம். எரிந்த ஏட்டின் எழுத்தை அப்படங்களிலே வாசித்தல் இயலாது. 2004 டிசெம்பர் 26 ஆந் திகதி எழுந்த ஆழிப்பேரலை இத்தீவிலே முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொண்டுசென்றது. வடமராட்சி கிழக்கிலும் முல்லைத்தீவிலும் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் ஆட்களோடு அவர்தம் படங்களும் ஒருங்கே போயின. மீண்டவரிடம் மாண்டவரின் முகத்தைக் காட்ட ஒரு துண்டுத் தாளும் இல்லாத வீடுகள் பலவாயின.

2011 மார்ச்சிலே யப்பானிய வடகிழக்குக் கரையை அத்தகைய அலை தாக்கியபோது, இடிபாடுகளை அகற்றச் சென்ற படைவீரரும் தொண்டரும் சேற்றிலே கிடந்த குடும்பப் படங்களைக் குப்பையோடு எறியாது ஒதுக்கி வைத்தனர். ஒளிப்படத் தாளிலே வெள்ளியின் துகள்களைத் தாங்கி நிற்பது செலற்றின் என்னும் விலங்குப் பசை. சேற்று நீரிலே அது நுண்ணுயிர்க்கு உணவாகி, நாட்செல்ல உருவம் கரைந்துவிடும். ஆகவே ஒவ்வொரு படமாகத் தூய நீரிலே மெல்லக் கழுவிக் கயிற்றிலே கொளுவி உலர்த்தினர். இலட்சக்கணக்கான படங்கள் இவ்வாறு காக்கப்பட்டு மண்டபங்களிலே பரப்பி வைக்கப்பட்டன. வீடிழந்தோர் வந்து தம் முகங்களைத் தேடினர். பின்புறத்திலே பெயரெழுதிய படங்கள் இலகுவிலே உரியவரை அடைந்தன. ஏனையவற்றின் உரிமையாளரைக் காணுதற்கு முகம் அறிந்த அயலவரின் கண்களே துணையாயின. அயலவரும் மாண்டுபோன படங்கள் பெட்டிகளிலே எஞ்சின.

உருவும் பெயரும் சேர்ந்திருந்தும் ஆள் இல்லாத நிலை ஒன்றும் உண்டு. 2017 பெப்ருவரி 20 ஆந் திகதி கிளிநொச்சியிலே காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் தொடங்கிய போராட்டத்திலே தாய்மார் ஏந்திய படங்களை நாடறியும். இந்நாட்டுக்கு இது புதிதன்று. 1984 இல் யாழ்ப்பாணத்திலே தோன்றிய அன்னையர் முன்னணியும், 1990 இல் தென்னிலங்கையிலே சிங்களத் தாய்மார் அமைத்த முன்னணியும், அவற்றுக்கு முன்னர் 1977 முதல் ஆர்ஜென்ரீனத் தலைநகரின் மே சதுக்கத்திலே திரண்ட அன்னையரும் ஒரே வகையான துயரத்தைச் சுமந்தவர்களே. அவர்தம் கைகளிலுள்ள படங்களை உற்று நோக்கின், அடையாள அட்டைக்கென எடுத்த சிறு படத்தைப் பெருப்பித்தவையும், கலியாண வீட்டுக் கூட்டத்திலிருந்து வெட்டியெடுத்தவையும் பலவாகக் காணப்படும். ஆளைப் பதிவு செய்து கண்காணித்தற்கென 1972 முதல் அரசு வழங்கிய அட்டையின் படமே, அவ்வாளை எங்கேயென அரசை வினவும் சான்றாக மாறியுள்ளது. படத்தின் கீழே பெயரும் காணாமற்போன திகதியும் எழுதப்பட்டிருக்கும். அதனை ஏந்தி நிற்பவள் அப்படத்தை நினைவு மலரிலே அச்சிடச் சம்மதியாள். அவ்வாறு சம்மதித்தால் இறப்பை ஏற்றதாகிவிடும் என்று அஞ்சுவாள். ஒரே படம் வீட்டுச் சுவரிலே மாலையின்றித் தொங்குவதன் பொருள் இதுவே.

இன்று கமரா எல்லார் கையிலும் உளது. 1975 இலே கொடாக் நிறுவனத்தின் பொறியியலாளர் ஸ்டீவன் சாசன் ஆக்கிய முதல் எண்முறைக் கமரா ஒரு படத்தை நாடாவிலே பதிதற்கு 23 செக்கன்கள் எடுத்தது. அக்கருவியைத் தானே ஈன்ற நிறுவனம் 2012 சனவரியிலே வங்குரோத்துப் பாதுகாப்பைக் கோரியது. ஒரு குடும்பம் பத்தாண்டிலே எடுத்த படங்களைக் காட்டிலும் கூடுதலானவற்றை ஒரு திருவிழா நாளிலே ஓர் இளைஞன் எடுத்துவிடுகின்றான். கைத்தொலைபேசி படம் எடுத்த நாளையும் நாழிகையையும் தவறாது குறிக்கின்றது. நிற்பவர் யாரென்பதை ஓர் எண்ணிலக்கத்துக்குள் மறைத்துவிடுகின்றது. பின்புறமே இல்லாத படத்தில் எங்கே எழுதுவது? தொலைபேசி பழுதுற்றால் யாவும் ஒரு கணத்திலே மறைகின்றன. இவற்றுக்கும் வழிகள் உள; படக் கோப்புக்குப் பெயரிடலாம், வேறிடத்திலே பிரதி வைக்கலாம், தெரிந்தெடுத்த சிலவற்றைத் தாளிலே அச்சிடலாம். செய்வோர் தொகைதான் குறைவு.

கையிலுள்ள பழம் படங்களைப் பொறுத்தவரை காலம் மேலும் குறுகியது. 1950 ஆம் ஆண்டுகளின் கல்லூரிக் குழுப்படங்கள் பல பட்டியலின்றிச் சட்டத்தினுள்ளும் மேசை இழுப்பறையினுள்ளும் கிடக்கின்றன. அவற்றிலே நிற்கும் இளைஞர்களுள் இன்று எஞ்சியிருப்போர் எண்பதும் தொண்ணூறும் கடந்த முதியவர். பழைய மாணவர் ஒன்றுகூடலுக்கு அத்தகைய படமொன்றை எடுத்துச் சென்று மேசைமேல் வைத்தால், மூன்றாம் வரிசையிலே நாலாவதாக நிற்பவன் யாரென்று அரைமணி நேரம் வாதிட்டேனும் கூறிவிடுவர். கேட்டதை அப்பொழுதே எழுதிக்கொள்க. பேனா வேண்டாம், மை தாளினூடே ஊறி முகங்களைக் கெடுத்துவிடும். மென்மையான பென்சிலால், பின்புறத்து ஓரத்திலே, அழுத்தாது எழுதினாற் போதும். வழவழப்பான பிற்காலத் தாளிலே பென்சில் பதியாதாயின், வேறு தாளிலே வரிசைப்படி எழுதிப் படத்தோடு ஒரே உறையினுள் இட்டு வைக்கலாம்.